ஹட்டனில் சிறு பட்டறைக்கு மில்லிங் மெஷின்: எதை எடுப்பது, எப்படி இறக்கி வைப்பது?

ஹட்டன் லேத்

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் டவுனுக்குச் சற்று வெளியே வாடகைக் கட்டடத்தில் பட்டறை நடத்துகிறேன். லேத் ஒன்று, தூண் ட்ரில் ஒன்று, வெல்டிங் பிளான்ட் ஒன்று இருக்கிறது. வேலை முக்கால்வாசி தேயிலை பெக்டரிகளிலிருந்துதான்: ரோலர் சாஃப்ட், புஷ், ட்ரையர் செயின் பின், ஸ்ப்ராக்கெட். கீவே (சாஃப்டில் சாவி உட்காரும் பள்ளம்), பினியன் (சின்னப் பல்சக்கரம்) என்று வந்தால் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்ப வேண்டியிருக்கிறது. சாமான் போய்த் திரும்புவதற்குள் பெக்டரியில் ஒரு ரோலர் சும்மா நிற்கும். பறித்த கொழுந்து அதற்காகக் காத்திருக்காது. இதனால் நல்ல வாடிக்கையாளர்கள் சிலர் கைவிட்டுப் போய்விட்டார்கள்.

சுற்றும் கட்டரால் இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷின் ஒன்று எடுத்தே ஆக வேண்டும். கொழும்புப் பக்கம் பழைய மெஷின் விற்கும் இடத்தில் இரண்டு இருக்கின்றன. ஒன்று ஜப்பான் வெர்டிக்கல், 2 டன்னுக்கு மேல் இருக்கும், என்டி 40 டேப்பர் (கட்டர் மாட்டும் கூம்புத் துளை). மற்றது இங்கிலாந்தில் செய்த ப்ரிட்ஜ்போர்ட், தலையைத் திருப்பக்கூடிய டரெட் மில், ஆர் 8 டேப்பர். இல்லாவிட்டால் புதிதாகச் சீனாவின் பெஞ்ச் மில் ஒன்று. என்னிடம் சிங்கிள் பேஸ் 30 ஆம்பியர் மட்டும்தான். கட்டடத்தின் முன்பாதி மலையை வெட்டிய தரை, பின்பாதி மண் நிரப்பியது. எதை எடுக்கலாம்?

பண்டாரவளை மூத்தவர்

தம்பி, மெஷினைப் பிறகு பார்ப்போம். நம் மலைநாட்டில் எந்த மில் என்பதைத் தீர்மானிப்பது கரண்ட், தரை, பாதை ஆகிய மூன்றும்தான். பெயர்ப்பலகையைப் பார்த்து மெஷின் வாங்கி, அதை ஏற்ற முடியாமல் ரோட்டோரத்தில் தார்ப்பாய் போட்டு வைத்தவர்களை இந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன்.

முதலில் கதவை அள. அகலத்தை மட்டும் அளந்தால் போதாது, உயரமும் வேண்டும். டரெட் மில்லின் தலை நிமிர்ந்து நிற்கும்போது 7 அடி வரும். அதற்கு மேல் செயின் புளொக் மாட்ட இடம் வேண்டும். பிறகு, லொறி நிற்கும் இடத்திலிருந்து கதவு வரை தரை சமமா, சரிவா என்று பார். சரிவென்றால் மேலே ஏற்றுவதைவிடக் கீழே இறக்குவதுதான் ஆபத்து.

மெஷினை எக்காரணம் கொண்டும் நிரப்பு மண் பக்கம் வைக்காதே. எவ்வளவு இடித்துக் கெட்டிப்படுத்தினாலும் ஒரு பெரிய மழைக்குப் பிறகு கொஞ்சம் அமரும். வெட்டிய பக்கம்தான் கெட்டி. அங்கேயும் பழைய சிமெந்துப் பூச்சின் மேல் வைத்துவிடக் கூடாது. அதை உடைத்தெடுத்துவிட்டு, கம்பி வலை போட்டு 6 அங்குலக் கொங்கிரீட் போடு. 28 நாள் ஆறவிட்டு ஏற்று. மலைப் பக்கச் சுவரிலிருந்து கசியும் தண்ணீருக்கு கொங்கிரீட் போடுவதற்கு முன்பே கான் வெட்டிவிட வேண்டும்.

வகையைப் பற்றிக் கேட்டால், பெக்டரி வேலைக்கு என் தேர்வு கட்டர் படுக்கைத் தண்டில் சுற்றும் ஹொரிசான்டல் யுனிவர்சல்தான். அந்தத் தண்டான ஆர்பரின் இரண்டு பக்கமும் தாங்கல் இருக்கிறது. கீவே, கியர் இரண்டையும் அதிராமல் வெட்டும். வாங்க ஆள் குறைவு என்பதால் விலையும் இறங்கியே இருக்கும். வெர்டிக்கல் தலை சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது. எச்எம்டி போல இந்தியாவில் செய்த பழையது கிடைத்தால் அதையும் போய்ப் பார்.

கம்பளை ஹெட் பேஸிங்

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் நான் உடன்படவில்லை. ஒரே ஒரு மில் வைக்கிற பட்டறைக்கு டரெட் மில்தான் சரி. கியர் மாதத்தில் எத்தனை வரும்? நம் ஊரில் அன்றாடம் வருவது சிலிண்டர் ஹெட், மேனிபோல்ட், பிராக்கெட், மோட்டர் அடித்தட்டு. 48 அங்குல மேசை என்றால் நான்கு சிலிண்டர் இன்ஜினின் ஹெட்டை ஒரே பிடியில் ஃப்ளை கட்டரால் சமதளமாக்கலாம் (பேஸிங்). தலையைத் தாங்கும் கையான ராமை முன்னே இழுத்துத் தலையைத் திருப்பினால், ஹொரிசான்டலில் எட்டவே எட்டாத இடத்துக்கும் போகும். தேயிலை பெக்டரி சீசன் மந்தமாகும்போது பட்டறை வாடகையைக் கட்டித் தருவது இந்த வேலைதான்.

பெஞ்ச் மில்லை நினைக்கவே வேண்டாம். அலுமினியத்துக்கு நல்லது. 2 அங்குல சாஃப்டில் கீவே வெட்டினால் கட்டர் அதிர்ந்து உடையும்.

லயத்துப் பட்டறை

பெஞ்ச் மில்லை அவ்வளவு எளிதாகத் தள்ளாதீர்கள் அண்ணே. எல்லோருக்கும் டவுனில் கட்டடம் கிடைப்பதில்லை. நான் இருப்பது தோட்டக் காணி. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. எங்கள் குடும்பம் எத்தனை தலைமுறை இருந்தும் கையில் ஓர் உறுதிப் பத்திரம் இல்லை. த்ரீ பேஸ் கேட்டு மின்சார சபைக்குப் போனால் காணி யாருடையது, உரிமையாளரின் சம்மதம் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. வங்கியிலும் அதே கேள்விதான். நாளைக்கு எழும்பிப் போ என்றால் கொங்கிரீட்டையும் 2 டன் இரும்பையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

என் பெஞ்ச் மில்லை நான்கு பேர் சேர்ந்து தூக்குவோம். சாதாரணப் ப்ளக்கில் ஓடும். ஒரு வெட்டுக்கு அரை மில்லிமீட்டர் என்று பொறுமையாக எடுத்தால் 8 மில்லிமீட்டர் கீவேயும் சுத்தமாக வரும். நேரம் எடுக்கும், உண்மைதான். ஆனால் அந்த வேலை என் ஊரை விட்டுப் போவதில்லை.

பண்டாரவளை மூத்தவர்

தம்பி சொன்னது முழுக்க நியாயம். காணி இல்லாதவனுக்கு, கழற்றிக்கொண்டு போகக்கூடிய மெஷின்தான் பாதுகாப்பு. ஹட்டன் தம்பியும் வாடகைக் கட்டடத்தில் இருப்பதால் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வகையில் டரெட் மில்லுக்கு ஒரு வசதி உண்டு. தலை, ராம், மேசை, மேசையைத் தாங்கி ஏறி இறங்கும் 'நீ' (knee) என்று தனித்தனியாகக் கழற்றலாம். ஹொரிசான்டலில் 'காலம்' (column) என்ற தூண் அப்படியே ஒரே கட்டையாக நிற்கும். கம்பளைக்காரருக்கு இந்த ஒரு புள்ளியை விட்டுக்கொடுக்கிறேன்.

தலவாக்கலை வயரிங்

கரண்ட் விஷயத்தை நான் சொல்கிறேன். இதில்தான் அதிகம் பேர் மோட்டரை எரிக்கிறார்கள்.

நம் நாட்டில் 230/400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானில் தொழிற்சாலை த்ரீ பேஸ் 200 வோல்ட். அந்த மெஷினை நம் 400 வோல்ட் த்ரீ பேஸில் நேரடியாகக் கொடுத்தால் மோட்டர் அன்றைக்கே போய்விடும். நடுவில் 400க்கு 200 இறக்கும் த்ரீ பேஸ் ட்ரான்ஸ்போமர் வேண்டும். சிங்கிள் பேஸ் மட்டும் இருப்பவருக்கு வேறு வழி இருக்கிறது. 230 வோல்ட் சிங்கிள் பேஸ் வாங்கி த்ரீ பேஸ் கொடுக்கிற வீஎஃப்டி (மோட்டர் வேகத்தை மாற்றும் ட்ரைவ்) ஒன்றை மாட்டி, அதன் செட்டிங்கில் வெளியீட்டை 200 வோல்ட் என்று வைத்தால் ஜப்பான் மோட்டர் ஓடும். 2.2 கிலோவாட் வரை இப்படிச் சுலபமாகக் கிடைக்கும்.

ஆனால் ஜப்பான் வெர்டிக்கலில் மோட்டர் ஒன்று மட்டும் இருக்காது. கட்டரைச் சுற்றும் ஸ்பிண்டிலுக்கு ஒன்று, மேசையை நகர்த்தும் பீடுக்கு ஒன்று, கூலன்ட் பம்புக்கு ஒன்று என்று இருக்கும். கன்ட்ரோல் ட்ரான்ஸ்போமர் தனி. கொன்டாக்டர்கள் இருக்கும் அந்தப் பழைய பெட்டி முழுவதையும் வீஎஃப்டியின் வெளியீட்டில் தொங்கவிட முடியாது. ஒவ்வொரு மோட்டருக்கும் தனி ட்ரைவ் போட்டு, கன்ட்ரோலைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

ப்ரிட்ஜ்போர்டில் பிரதானமாக ஒரே மோட்டர்தான். அதன் பிளேட்டைப் படம் எடுத்துப் போடுங்கள். டெல்டாவில் 220-240, ஸ்டாரில் 380-415 என்று இருந்தால் டெர்மினல் பெட்டியில் பட்டியை மாற்றி டெல்டாவாக்கினால் போதும். 415 மட்டும் போட்டிருந்தாலோ, இரண்டு வேக மோட்டராக இருந்தாலோ இந்த வழி சரிவராது. அப்படியானால் மோட்டரையே மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

இன்னும் ஒன்று. ட்ரைவுக்கும் மோட்டருக்கும் நடுவில் பழைய சுவிட்சை விட்டு வைத்து, ஓடும்போது அதைத் திருகினால் ட்ரைவ் போய்விடும். ஓட, நிற்க, பின்னால் சுற்ற எல்லாவற்றையும் ட்ரைவின் கன்ட்ரோல் வயரில் கொடுங்கள். மெஷின் உடம்புக்கு எர்த் கட்டாயம். 2.2 கிலோவாட் ட்ரைவ் முழுச் சுமையில் 20 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும். ஆகவே 30 ஆம்பியர் இணைப்பில் அது வெட்டிக்கொண்டிருக்கும்போது வெல்டிங் பிளான்டைப் போடக் கூடாது.

ஹட்டன் லேத்

மிக்க நன்றி அண்ணே. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிளேட் பார்த்தேன்: 1.5 கிலோவாட், 220-240 டெல்டா, 380-415 ஸ்டார், ஒற்றை வேகம். அப்படியானால் ப்ரிட்ஜ்போர்ட் பக்கம்தான் மனம் போகிறது. பழைய மெஷினில் தேய்மானத்தை எப்படிப் பார்ப்பது? விற்பவர் புதுப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்.

பயிற்சி மிஸ்

நான் தொழிற்பயிற்சியில் மெஷினிங் கற்பிக்கிறேன். போகும்போது ஒரு டயல் கேஜ், மேக்னட் ஸ்டான்ட், டார்ச், பழைய துணி எடுத்துக்கொண்டு போங்கள். பெயின்டைப் பார்க்காதீர்கள்.

மேசையை ஒரு ஓரத்துக்கு ஓட்டி, அடியில் இருக்கும் ஸ்லைடைத் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். ஸ்க்ரேப்பரால் கீறிய பிறை வடிவத் தடங்கள் ஓரங்களில் தெரியும். அதே தடங்கள் நடுவிலும் மங்கலாகவேனும் தெரிந்தால் மெஷின் நன்றாக வாழ்ந்திருக்கிறது. நடுவில் கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு மேசையைக் கையால் முழு நீளமும் ஓட்டுங்கள். நடுவில் லேசாகவும் ஓரங்களில் இறுக்கமாகவும் இருந்தால் ஸ்லைடின் இடைவெளியை இறுக்கும் தகடான ஜிப்பை இறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது. நடுவுக்கு இறுக்கினால் ஓரத்தில் சிக்கும்.

கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் பேக்லாஷ், அதாவது மேசை நகராமல் கைப்பிடி சும்மா சுற்றும் அளவு தெரியும். அங்குல ப்ரிட்ஜ்போர்டில் ஒரு சுற்றுக்கு 0.200 அங்குலம். அதில் 0.010, 0.015 அங்குலம் சும்மா போவதைப் பழைய மெஷினில் பொறுத்துக்கொள்ளலாம். கால் சுற்று சும்மா போனால் நட்டை மாற்ற வேண்டும். அதுவும் முடியாத வேலை இல்லை. ஆனால் அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

ஸ்பிண்டிலை உச்ச வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். மூக்குப் பக்கம் கையை வைத்தால் இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது. நிறுத்திய பிறகு ஆர் 8 டேப்பருக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். கட்டரைப் பிடிக்கும் கோலட் சுற்றிக் கிழித்த வரிகள் விரலுக்குத் தெரியும்.

இந்த வடிவம் 1938இல் அமெரிக்காவின் ப்ரிட்ஜ்போர்ட் நகரில் வந்தது. இங்கிலாந்தில் லெஸ்டரில் அட்காக் அண்ட் ஷிப்லி செய்தார்கள். உலகம் முழுக்க நகல் எடுத்த மெஷின் என்பதால் நட், பேரிங், கைப்பிடி எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கும். மெஷின் விலைக்கே முழுக் காசையும் கொடுத்துவிடாதீர்கள். 6 அங்குல வைஸ், கோலட் செட், எண்ட் மில், கிளாம்ப் செட், வட்டத்தைச் சமபாகமாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட் என்று சேர்த்தால் மெஷின் விலையில் பாதியையாவது தொடும். வைஸ் கேட்டுப் பாருங்கள், சேர்த்துத் தருவார்கள்.

ஹட்டன் லேத்

மிஸ் சொன்ன மாதிரியே பார்த்தேன். நடுவில் தடம் மங்கல், ஆனால் இருக்கிறது. பேக்லாஷ் மேசையின் நீளவாட்டில் 0.012 அங்குலம். டேப்பர் சுத்தம். மேசையில் ட்ரில் இறங்கிய குழிகள் ஒன்றிரண்டு உண்டு. பேசி முடித்துவிட்டேன். வைஸும் சேர்ந்து வருகிறது. இனி ஏற்றி வர வேண்டும்.

மஸ்கெலியா லொறி

கினிகத்தேனை வளைவுகளை நினைத்துக் கட்டுங்கள் தம்பி. டரெட் மில்லுக்கு எடை முழுக்க மேலே இருக்கிறது. ஏற்றுவதற்கு முன் நீயை அடிமட்டம் வரை இறக்கி, ராமைப் பின்னால் தள்ளிப் பூட்டி, தலையைத் தலைகீழாகத் திருப்பி, மேசைக்கும் தலைக்கும் நடுவில் மரக்கட்டை கொடுத்து இறுக்குங்கள். அப்போது எடை கீழே வரும். மேசையின் கைப்பிடிகளைக் கழற்றிவிடுங்கள். வழியில் உடைவது அவைதான்.

மெஷினைப் படுக்க வைத்து ஏற்றவே கூடாது. நிமிர்ந்தபடி, லொறியின் முன்பலகையோடு ஒட்டி வைத்து, நான்கு மூலைக்கும் தனித்தனி பெல்ட். பெல்ட் ராமிலும் தூணிலும் பிடிக்க வேண்டும். மேசையிலோ கைப்பிடித் தண்டிலோ பிடிக்கக் கூடாது. மலையேறும்போது எல்லாம் பின்னால் இழுக்கும் என்பதால் முன்பக்கம் கட்டும் இரண்டு பெல்ட்டும் கனமானதாக இருக்கட்டும். பின்னேர மழைக்கு முன் வந்து சேருகிற மாதிரி விடியக் கிளம்புங்கள்.

இறக்க பூம் ட்ரக் பிடியுங்கள். கதவுக்குள் போன பிறகு இரும்புக் குழாய் மூன்று நான்கு போட்டு அலவாங்கால் தள்ளினால் இரண்டு பேருக்கு நகரும். முன்னால் ஒருவர் குழாய் மாற்றும்போது பின்னால் இருப்பவர் தள்ளக் கூடாது. ஒரே ஆள் குரல் கொடுக்கட்டும். விரல் போவது அந்த இடத்தில்தான்.

ஹட்டன் லேத்

மெஷின் வந்துவிட்டது. வெட்டிய பக்கத்தில் கொங்கிரீட் போட்டு, கானும் வெட்டி, அதன் மேல் வைத்திருக்கிறேன். தலவாக்கலை அண்ணன் சொன்னபடி வயரிங் முடிந்தது. வீஎஃப்டியில் சத்தமில்லாமல் ஓடுகிறது. இனி மட்டம் பார்த்துத் தலையை நேராக்க வேண்டும். மேசனின் ரசமட்டம் போதுமா?

பயிற்சி மிஸ்

தொடக்கத்துக்குப் போதும். முடிக்கும்போது ஒரு மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் காட்டும் மெஷின் லெவல் கிடைத்தால் இரவல் வாங்குங்கள். லேத்தில் மட்டம் தவறினால் பெட் முறுகும், வேலை கூம்பாக வரும். மில்லில் அவ்வளவு இல்லை. நான்கு மூலையும் தரையில் சமமாக அமர்ந்து, ஆடாமல் நிற்பதுதான் முக்கியம். தகடு கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

தலைக்கு வருவோம். தலைகீழாக வந்த தலை, திருப்பியதும் தானாக நேராக இருக்காது. மேசையைத் துடைத்து, மேடு தட்டினால் எண்ணெய்க் கல்லால் தேயுங்கள். டயல் கேஜை ஸ்பிண்டிலில் பிடித்து, மேசை மேல் 200 மில்லிமீட்டர் வட்டம் சுற்றி வர வையுங்கள். முதலில் இடம், வலம். பிறகு முன், பின். நான்கு போல்ட்டையும் லேசாகப் பிடித்துக்கொண்டு, வித்தியாசத்தில் பாதியை மட்டும் திருத்துங்கள். இறுக்கும்போது மறுபடி நகரும், பொறுமை வேண்டும். நீயைப் பூட்டாமல் அளந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு வரும். நான்கு பக்கமும் 0.02 மில்லிமீட்டருக்குள் வந்தால் ஹெட் பேஸிங் செய்யலாம். கடைசியாக வைஸின் நிலைத்த தாடையில் கேஜை ஓட்டி அதையும் நேராக்குங்கள்.

கம்பளை ஹெட் பேஸிங்

தம்பி, வீஎஃப்டி இருக்கிறதே என்று ஹெர்ட்ஸை மட்டும் குறைத்து மெதுவாக ஓட்டாதே. 25க்குக் கீழே போனால் மோட்டரின் விசிறியும் மெதுவாகும், சூடேறும், இழுவையும் போதாது. பெல்ட்டை மாற்று, கைக்கு வலிக்காது. பழைய ஸ்க்ரூவில் கட்டரின் சுழற்சிக்கு எதிராகவே வேலையை ஊட்டு. கூடவே ஓட்டினால் பேக்லாஷை இழுத்துக்கொண்டு கட்டர் உள்ளே பாயும்.

லயத்துப் பட்டறை

துரு பற்றி யாரும் சொல்லவில்லையே. வைகாசி கடந்தால் நம் பக்கம் மாதக்கணக்கில் மூடுபனியும் மழையும்தான். இரவில் இரும்பு குளிர்ந்துவிடும். காலையில் கதவைத் திறந்ததும் ஈரக்காற்று பட்டு மேசை வியர்க்கும். பொலித்தீனால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். எண்ணெய் தோய்த்த பருத்தித் துணி போடுங்கள். ஸ்லைடுக்கு 68 நம்பர் ஸ்லைட்வே எண்ணெய்தான், கிறீஸ் வேண்டாம், அது தூளைப் பிடித்து வைக்கும். கூலன்ட் போட்டு வெட்டினால் அன்றைக்கே வைஸைத் தூக்கி அடியில் துடைத்துவிடுங்கள். துரு அங்கேதான் தொடங்கும்.

ஹட்டன் லேத்

எல்லாம் செய்தேன். கீவே வேலை ஓடுகிறது. ஒரு பெக்டரியில் கொழுந்தை நசுக்கிக் கிழிக்கும் பல் வைத்த சிடிசி ரோலரைச் சாணை பிடித்துத் தர முடியுமா என்றும் கேட்டார்கள். அதோடு முதல் பினியனும் வந்திருக்கிறது: 27 பல், 6 டிபி (பல் அளவைச் சொல்லும் டயமெட்ரல் பிட்ச்), பழைய இங்கிலாந்து ரோலரினுடையது. டிவைடிங் ஹெட் 40க்கு 1, கைப்பிடி 40 சுற்றினால் வேலை ஒரு சுற்று. எப்படித் தொடங்குவது?

பண்டாரவளை மூத்தவர்

சிடிசி ரோலரை ஏற்காதே தம்பி. அதற்குத் தனியாக ஹெலிக்கல் மில்லிங், சேஸிங் மெஷின்கள் இருக்கின்றன. பல் கொஞ்சம் பிசகினாலும் தூள் தரம் போய்விடும், பழி உன் தலையில் விழும்.

பினியனைச் செய்யலாம். வெளி விட்டம்: 27உடன் 2 கூட்டி 6ஆல் வகு. 4.833 அங்குலம் வரும், லேத்தில் அந்த அளவுக்குக் கடை. பல் ஆழம் 2.157ஐ 6ஆல் வகுத்தால் 0.3595 அங்குலம். 40ஐ 27ஆல் வகுத்தால் 1 முழுச் சுற்றும் 27இல் 13 பாகமும். டிவைடிங் ஹெட்டின் பிரவுன் அண்ட் ஷார்ப் இரண்டாம் துளைத் தட்டில் 27 துளை வட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சுற்று, பிறகு 13 துளை. கட்டர் 4ஆம் நம்பர், 26 முதல் 34 பல் வரைக்குமானது. உன்னுடையது டரெட் மில் என்பதால் குட்டை ஆர்பரில் கட்டரைப் பிடித்து மூன்று வெட்டாக எடு. ஒரே வெட்டில் இறங்காதே.

கட்டர் வாங்கும்போது அழுத்தக் கோணத்தையும் (பல் பக்கத்தின் சாய்வு) பார்க்க வேண்டும். பழைய இங்கிலாந்து மெஷின்களில் பதினாலரை பாகை அதிகம். கடையில் இன்று சுலபமாகக் கிடைப்பது 20. இரண்டிலும் 6 டிபி, 4ஆம் நம்பர் என்றே எழுதியிருக்கும். பழைய பினியனின் தேயாத ஓரத்தில் கட்டரை வைத்து வெளிச்சத்தில் பார், பக்கவாட்டில் ஒளி கசியாமல் பொருந்த வேண்டும்.

வெட்டுவதற்கு முன் கட்டரை மேற்பரப்பில் தொட்டும் தொடாமலும் ஓட்டி 27 கோடும் போடு. கடைசிக் கோட்டிலிருந்து இன்னொரு சுற்றும் 13 துளையும் போனால் முதல் கோட்டில் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் ஆழம் வை. இல்லாவிட்டால் துளைகளின் எண்ணிக்கையைக் குறித்து வைக்கும் செக்டர் கையை மறுபடி எண்ணிப் பார்.